‘அவ்வல்’, ‘ஆகிர்’ மக்களின் ஊரில் ஒரு நாள்



வியட்நாமுக்குப் போய் வந்தோம் என்று சொன்னால் நம்மவர்கள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?” அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹோசிமின் நகரில், அதாவது பழைய சைகோனில், கவலையே இல்லை. நகரின் நடுவில் டொங் டூ வீதியில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. 1935 இல் கட்டப்பட்டது. கட்டியவர்கள் யார் தெரியுமா? அங்கே வியாபாரத்துக்காகக் குடியேறிய தென்னிந்திய முஸ்லிம்கள். அந்தப் பள்ளியைச் சுற்றி ஹலால் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. ஆனால் சைகோனைத் தாண்டி ஊர்ப்புறம் போகிறீர்கள் என்றால் கையில் கட்டிக்கொண்டு போவதே புத்தி. என் உம்மா மருதமுனையிலிருந்தே சீனிச் சம்பலும் மாசிச் சம்பலும் போத்தல் போத்தலாகக் கொண்டு வந்திருந்தார். அது எத்தனை பெரிய உதவி என்பது பயணத்தின்போதுதான் விளங்கியது.

என் தம்பி ஹோசிமின் நகரில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கத்தான் 2023 ஒக்டோபரில் உம்மா, என் கணவர், மகள், நான் என்று நால்வரும் போனோம். “வந்ததற்கு நகரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். ஒரு திருவிழா காட்டுகிறேன்” என்று அவன் எங்களை இரவு ரயிலில் ஏற்றினான். சைகோனிலிருந்து வடக்கே சுமார் 320 கிலோமீற்றர். சுபஹுக்குச் சற்று முன்பு ‘தாப் சாம்’ என்ற நிலையத்தில் இறங்கினோம். வியட்நாம் மொழியில் அந்தப் பெயருக்குச் ‘சாம் கோபுரம்’ என்று பொருள்.

நிலையத்தை ஒட்டிய ஊர் பான்ராங். ‘பாண்டுரங்கா’ என்ற பழைய பெயர்தான் வியட்நாமியர் வாயில் ‘பான்ராங்’ ஆகிவிட்டது. இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியிலும் தென்பகுதியிலும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் ‘சாம்பா’ என்ற ராஜ்ஜியம் இருந்தது. வடக்கிலிருந்து வந்த வியட்நாமியர் அதைச் சிறிது சிறிதாக விழுங்கினார்கள். 1471 இல் விஜயா என்ற பெரிய தலைநகர் விழுந்தது. கடைசியாக மிஞ்சியிருந்த பாண்டுரங்காவும் 1832 இல் போயிற்று. ராஜ்ஜியம் போனாலும் சாம் மக்கள் போகவில்லை. 2019 ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி வியட்நாமில் அவர்கள் சுமார் 1 இலட்சத்து 79 ஆயிரம் பேர். நாங்கள் போனபோது பான்ராங் இருந்த மாகாணத்துக்கு நின்துவான் என்று பெயர். 2025 ஜூலையில் அதைக் கான்ஹோவா மாகாணத்துடன் இணைத்துவிட்டார்கள். பழைய பெயரைத் தேடிக் குழம்பாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்களுக்கு வழிகாட்ட வந்தவள் ஒரு சாம் பெண். வயது இருபத்தைந்து இருக்கும். சைகோனில் தம்பியின் தொழிற்சாலையில் வேலை செய்பவள், திருவிழாவுக்காக ஊருக்கு வந்திருந்தாள். தலையில் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தாள். உம்மா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இது நம்மட புள்ளயா?” என்று தம்பியிடம் கேட்டார். அவன், “அதைத்தான் உம்மா இண்டைக்கு நீங்க பார்க்கப் போறீங்க” என்று மட்டும் சொன்னான்.

சகோதரிகளே, இந்தக் கதையை அவள் எங்களுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். பான்ராங் சாம் மக்கள் இரண்டு கூட்டத்தார். ஒரு கூட்டத்தாரை ‘அஹியேர்’ என்கிறார்கள். பழைய இந்துச் சமய வழியில் வந்தவர்கள். மற்றவர்களை ‘அவால்’ என்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் இஸ்லாம் வந்து சேர்ந்த வழி. ‘பானி’ என்றும் பெயர். அந்த இரண்டு சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அவ்வல், ஆகிர்! நாம் ஓதும் அதே அறபுச் சொற்கள்தான். முதலும் முடிவும். இரண்டும் சேர்ந்தால்தான் சாம் சமூகம் முழுமை என்பது அவர்களுடைய எண்ணம். கணவனும் மனைவியும் போல என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அஹியேர் மாட்டிறைச்சி உண்பதில்லை, பானிகள் பன்றி இறைச்சி உண்பதில்லை. விருந்துக்கு அழைத்தால் வருபவர் எந்தக் கூட்டம் என்று பார்த்துத்தான் உலை வைப்பார்களாம்.

அவள் பானி வீட்டுப் பெண். அன்றைக்கு நடந்த திருவிழாவோ அஹியேர்களுடையது. பெயர் காத்தே. சாம் நாட்காட்டியின் ஏழாம் மாத முதல் நாளில், நமது கணக்கில் செப்டெம்பர் இறுதி அல்லது ஒக்டோபரில் வரும். முன்னோரான அரசர்களை நினைக்கும் நாள்.

“இதென்ன புள்ள, கோயில் திருவிழாவுக்கா நம்மளக் கூட்டிப் போற?” உம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஓரிறையை நம்புகிற நமக்கு அங்கே நடக்கும் வழிபாட்டில் பங்கில்லை. அதே சமயம், இன்னொரு சமூகத்தாரின் ஊருக்கு விருந்தாளியாகப் போய் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பதும் நம் பண்பில்லை. அண்டை வீட்டாரோடு எப்படி இருக்கவேண்டும் என்று நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள் அல்லவா? கோபுரத்துக்குள் போவதில்லை, வெளி முற்றத்தில் நின்று ஊர்வலத்தையும் ஆட்டத்தையும் பார்ப்பது, லுஹருக்கு இறங்கிவிடுவது என்று முடிவாயிற்று. உம்மா மனம் சமாதானமானாரா என்று தெரியாது. தஸ்பீஹ் மணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வறண்ட குன்று. வெற்றிலைக் குன்று என்று பெயர், ஆனால் வெற்றிலைக் கொடியைக் காணவில்லை. வியட்நாமிலேயே மிகக் குறைவாக மழை பெய்யும் பகுதி இது. கள்ளிச் செடிகள்தான் முளைத்து நிற்கின்றன. உச்சியில் மூன்று செங்கல் கட்டிடங்கள். பெரியது சுமார் இருபது மீற்றர் உயரம். போ க்ளோங் கராய் கோபுரம் இதுதான். பதின்மூன்றாம் நூற்றாண்டு முடிந்து பதினான்காம் நூற்றாண்டு பிறக்கும் காலத்தில், மூன்றாம் ஜெயசிம்மவர்மன் என்ற அரசன் தன் முன்னோரான ஓர் அரசனின் பெயரால் கட்டியது. அந்த முன்னோர் குஷ்டரோகியாகப் பிறந்து, குணமடைந்து, அரசனாகி, வறண்ட பூமிக்கு அணையும் வாய்க்காலும் வெட்டித் தந்தவர் என்பது ஊர்க் கதை. செங்கற்களுக்கு இடையில் சாந்து இருப்பதே கண்ணுக்குத் தெரியவில்லை. வாசல் தூண்களில் எழுத்து வரிவரியாகப் பொறித்திருக்கிறது. பல்லவர் எழுத்து வழியாக வந்தது என்கிறார்கள். தூரத்திலிருந்து பார்க்க நம் பழைய எழுத்து மாதிரி இருந்தது, கிட்டே போனால் ஒன்றும் படிக்க முடியவில்லை!

அந்த அரசனைப் பற்றி ஒரு செய்தி. 1306 இல் அவன் வியட்நாமிய இளவரசி ஹுயென் ட்ரானை மணந்தான். சீதனம் கொடுத்தது பெண் வீடு அல்ல, மாப்பிள்ளை! தன் நாட்டின் வடக்கிலிருந்த இரண்டு மாகாணங்களை அப்படியே எழுதிக் கொடுத்தான். அடுத்த வருஷமே அவன் இறந்துபோனான். மாகாணங்கள் திரும்பி வரவில்லை. வியட்நாமியர் அந்த இளவரசியைத் தியாகியாகக் கொண்டாடுகிறார்கள். எங்கள் வழிகாட்டிப் பெண், “சாம் மக்களுக்கு அவ்வளவு சந்தோஷமான கல்யாணம் இல்லை” என்றாள். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா என்றுதான் எனக்குத் தோன்றியது.

வெயில் ஏற ஏறக் கூட்டம் ஏறியது. வழியெல்லாம் பச்சை, ஊதா, மஞ்சள் என்று நீண்ட அங்கி அணிந்து, மார்பில் குறுக்காகப் பட்டி கட்டிய பெண்கள். பிறகு ஊர்வலம் வந்தது. முன்னால் மலைவாசிகளான ரக்லாய் மக்கள், நடுவில் பல்லக்கு, பின்னால் வெள்ளை உடையும் தலைப்பாகையுமாகப் பூசாரிகள். பல்லக்கில் இருந்தது சிலை அல்ல, உடுப்பு. சாம் அரசர்களின் உடைகளை வருஷம் முழுதும் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் ரக்லாய் மக்கள். காத்தேக்கு முதல் நாள் மலையிலிருந்து இறக்கிக் கொண்டு வருகிறார்கள்.

ஏன் அவர்களிடம் இருக்கிறது என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதில்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. சாம் குடும்பத்தில் வம்சம் தாய் வழியாக வருகிறது. பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவார்கள். கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். குடும்பத்தின் பழைய வீடும் முன்னோர் பொருட்களும் கடைசி மகளுக்கு. தாய் தகப்பனைக் கடைசிவரை பார்ப்பதும் அவளுடைய பொறுப்பு. சாம் மக்கள் மூத்தவர்கள், ரக்லாய் மக்கள் அவர்களின் கடைசித் தங்கை என்று ஒரு கதை. ஆகவே அரசர்களின் உடைகள் தங்கையிடம் இருக்கின்றன.

கிழக்கு மாகாணத்துச் சகோதரிகள் இப்போது புன்னகைப்பீர்கள். நம் ‘குடி’யும் தாய் வழிதானே? நம் ஊரிலும் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வருகிறார்? உம்மாவுக்கு இதை நான் சொன்னதும், “அப்ப வீடு கட்டிக் குடுக்கிற கஷ்டமும் இருக்குமே, கேளு” என்றார். கேட்டேன். வீடு கட்டும் கஷ்டம் இல்லை, வீட்டை விட்டுப் போக முடியாத கஷ்டம்தான் உண்டு என்றாள். அவள்தான் அந்த வீட்டின் கடைசி மகள்! சைகோனில் சம்பாதிக்கிறாள், ஆனால் தாய்க்கு முடியாமல் போனால் திரும்பி வரவேண்டியவள் அவள்தான். அதற்குமேல் அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

கோபுர வாசல் திறக்கும் சடங்கின்போது நாங்கள் பின்னால் ஒதுங்கி நின்றோம். ஆமையோட்டில் செய்த இரண்டு தந்தி வாத்தியம் ஒன்றின் இசையும், வயதான ஒருவர் பாடும் குரலும் கேட்டன. அது முடிந்ததும் முற்றத்தில் ஆட்டம். பெண்கள் தலையில் மண்குடம் வைத்துக் கையால் பிடிக்காமல் ஆடினார்கள். கினாங் என்ற இரட்டை மத்தளமும் சாரனாய் என்ற குழலும் முழங்கின. என் மகள் கெமராவைக் கீழே வைக்கவே இல்லை. உம்மாவின் கண் குடத்தில் இல்லை. அந்தப் பெண்கள் கட்டியிருந்த பட்டியில் இருந்தது. “கையால நெஞ்சது” என்றார். அவ்வளவுதான்.

அங்கே பதினொன்றரைக்கெல்லாம் லுஹர் நேரம் வந்துவிடுகிறது. தெற்கே அவளுடைய ஊரான வான் லாமுக்கு வேனில் போனோம். ஒரே ஊரில் இரண்டு பள்ளிகள். ஒன்று பானிகளின் பள்ளி. ‘சாங் மகிக்’ என்கிறார்கள். மகிக் என்பது மஸ்ஜித்தான். பூட்டியிருந்தது. ‘ரமாவான்’ மாதத்திலும் சில விசேஷ நாட்களிலும்தான் திறக்குமாம். ரமாவான் என்பது நமது ரமழான். அந்த மாதத்தில் வெள்ளை உடை அணிந்த ‘அச்சார்’ என்ற பெரியவர்கள் பள்ளியிலேயே தங்கி, ஊராருக்காக அவர்களே நோன்பிருந்து ஓதுகிறார்கள். கையெழுத்தில் பிரதி செய்த குர்ஆன் பகுதிகள் அவர்களிடம் தலைமுறை தலைமுறையாக வருகின்றன. வீட்டிலுள்ளவர்கள் நோன்பு நோற்பதில்லை. சாப்பாடு சமைத்து அச்சார்களுக்கு எடுத்துப் போகிறார்கள். இதைக் கேட்டதும் உம்மா “அஸ்தஃபிருல்லாஹ்” என்றார்.

மற்றப் பள்ளி நம் பள்ளி போலவே. 1960களில் இந்தப் பகுதிக்கு ஸுன்னி வழி வந்து சேர்ந்தது. தெற்கே மீகொங் ஆற்றுப் பக்கம் சாவ் டோக்கில் வாழும் சாம் மக்கள் நம்மைப் போல் ஷாஃபி மத்ஹபினர். அந்தத் தொடர்பில் வந்தது. அங்கே தொழுதோம். தொழுதுவிட்டு வெளியே வந்தபோது எங்கள் வழிகாட்டிப் பெண்ணின் பாட்டி காத்துக்கொண்டிருந்தார். உம்மாவின் வயதுதான். இருவருக்கும் ஒரு சொல் பொதுவில்லை. பாட்டி தன் தலைத்துணியைத் தொட்டுக் காட்டினார், பிறகு உம்மாவின் தலைத்துணியைத் தொட்டார். உம்மாவின் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப் போனார். அஸ்தஃபிருல்லாஹ் சொன்ன உம்மா மறுப்புச் சொல்லாமல் போனதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். இவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லிக் கட்டுரை எழுத எனக்கு வாய் வரவில்லை சகோதரிகளே. கடலுக்கு அப்பால் நூற்றாண்டுக் கணக்கில் உலக முஸ்லிம்களோடு தொடர்பு அறுந்து கிடந்தும் ‘மஸ்ஜித்’ என்ற சொல்லையும் ரமழானையும் கைவிடாமல் வைத்திருந்த மக்கள் அவர்கள்.

அந்த வீட்டில் எங்களுக்கு முன் வைத்தது இளநீர், திராட்சை, பெரிய பெரிய இலந்தைப்பழம். நம் இலந்தை மாதிரி சிறிதல்ல. பச்சை ஆப்பிள் போல இருக்கிறது, கடித்தால் மொறுமொறுவென்கிறது. மழையில்லாத பூமி என்றாலும் திராட்சைக்கும் இலந்தைக்கும் பேர்போன ஊர் அது. நம் மாசிச் சம்பலை அவர்களுக்குக் கொடுத்தோம். பாட்டி இரண்டு தடவை கேட்டு வாங்கினார். மலாய் பேசும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி: சாம் மொழி உங்கள் மொழிக்கு உறவு. கண்ணுக்கு அவர்களும் ‘மாத்தா’ என்கிறார்கள். இரண்டுக்கு ‘துவா’, ஐந்துக்கு ‘லிமா’.

பிற்பகல் இரண்டு கைத்தொழில் ஊர்களுக்குப் போனோம். பாவ் ட்ரூக் மட்பாண்ட ஊர் பெருஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. இங்கே குயவர் எல்லோரும் பெண்கள். சக்கரம் கிடையாது. ஒரு பீடத்தின் மேல் களிமண்ணை வைத்துவிட்டு, அதைச் சுற்றிச் சுற்றித் தாங்களே நடக்கிறார்கள், அதுவும் பின்னோக்கி! மண் சுழல்வதில்லை, பெண் சுழல்கிறாள். ஈரத் துணியால் விளிம்பைத் துடைத்துச் சமப்படுத்துவதும் நடந்துகொண்டேதான். சூளையும் இல்லை. திறந்த வெளியில் பாண்டங்களை அடுக்கி, விறகும் வைக்கோலும் போட்டு எரிக்கிறார்கள். பளபளப்புப் பூச்சுக் கிடையாது. நெருப்பே சிவப்பும் சாம்பலும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக வர்ணம் போட்டுவிடுகிறது. ஒரே மாதிரி இரண்டு பானை வராது. 2022 நவம்பரில் யுனெஸ்கோ இந்தக் கலையை அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்தால் போதுமா? எங்களுக்கு வனைந்து காட்டிய பெண்ணுக்கு அறுபது வயதிருக்கும். முழங்கால் வலி என்று கையால் காட்டினார். பிள்ளைகள் படிக்கப் போய்விட்டார்களாம். படிக்கப் போனதில் அவருக்குப் பெருமை. மண் தனித்துப் போனதில் வருத்தம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

அடுத்தது மீ ஙியெப் நெசவூர். இதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன்.

உம்மா இருபத்தைந்து வருஷம் மருதமுனையில் தறியில் இருந்தவர். எங்கள் மூவரையும் அந்தத் தறிதான் படிக்க வைத்தது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது உயிர்கள் தப்பின, தறிக்கொட்டில் தப்பவில்லை. நிவாரணமாகப் புதுத் தறி தருகிறோம் என்று சொன்னவர்களும் உண்டு. உம்மா வேண்டாம் என்றுவிட்டார். ஏன் என்று கேட்டால் கண் தெரியவில்லை என்பார். கடலைப் பற்றிப் பேசுவார், தறியைப் பற்றிப் பேசமாட்டார்.

மீ ஙியெப்பில் இரண்டு விதத் தறி. ஒன்று துணி நெய்வது. மற்றது பட்டி நெய்யும் நீளத் தறி. பாவு பல மீற்றருக்கு முன்னால் நீண்டு போகிறது, நெய்து வருவதோ கையகலப் பட்டிதான். காலையில் கோபுரத்தில் பார்த்த அதே பட்டி! தறியில் ஒரு நடுத்தர வயதுப் பெண் இருந்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் இழை அறுந்தது. அவள் எங்களோடு பேசிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

உம்மா கவனித்தார். எனக்கும் தம்பிக்கும் இடையில் புகுந்து முன்னே போனார், தரையில் குந்தினார், அறுந்த நுனி இரண்டையும் தேடி எடுத்தார். விரல் நுனியை நாக்கில் நனைத்து ஒரு முறுக்கு, ஒரு முடிச்சு. கண்ணாடி கூடப் போடவில்லை. அந்தப் பெண் திகைத்துப் பார்த்தாள், பிறகு சிரித்தாள், பிறகு எழுந்து இடத்தைக் காட்டி உட்காரச் சொன்னாள். உம்மா தலையை ஆட்டி மறுத்தார். அவள் விடவில்லை. உம்மா உட்கார்ந்தார். தறி வேறு, மிதி வேறு, வழக்கம் வேறு. முதல் இரண்டு வீச்சுப் பிழைத்தது. அந்தப் பெண் உம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து வழி காட்டினாள். அதன்பிறகு பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை. தம்பி வெளியே போய் நின்றுகொண்டான். நான் அவனைப் பார்க்கவில்லை, அவனும் என்னைப் பார்க்கவில்லை.

விரலளவு நீளம்தான் நெய்திருப்பார். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, “அஸர் போயிரும் புள்ள” என்றார்.

அங்கே ஒரு பட்டி வாங்கினோம். விலை பேசப் போன என் கணவரை உம்மா ஒரு பார்வையில் நிறுத்தினார். ‘கைநெசவுக்கு விலை பேசாதே’ என்று அவர் வாயால் சொல்லவில்லை, எங்களுக்கு விளங்கியது. நீங்கள் போனாலும் கடைத்தெருவில் தொங்குகிற எல்லாவற்றையும் நம்பி வாங்காதீர்கள். ஊருக்கே போய், தறியைப் பார்த்து வாங்குங்கள்.

மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிட்டது. மஃரிபைத் தொழுதுவிட்டு மீண்டும் தாப் சாம் நிலையத்துக்கு வந்தோம். அடுத்த ஊர் நாட்ராங், ரயிலில் 90 கிலோமீற்றர் அளவு. வழிகாட்டிப் பெண் மேடைவரை வந்து, பாட்டி கொடுத்ததாக ஒரு பை இலந்தைப்பழம் தந்தாள். குன்றின் மேல் கோபுரத்துக்கு வெளிச்சம் போட்டிருந்தார்கள். மத்தளச் சத்தம் இன்னும் கேட்டது. காத்தே அன்றோடு முடிவதில்லை. மறுநாள் ஊருக்கு ஊர், பிறகு வீட்டுக்கு வீடு நடக்குமாம்.

ரயில் புறப்பட்டது. மகள் தூங்கிவிட்டாள். உம்மா பட்டியை மடியில் விரித்து வைத்து, பெட்டியின் மங்கல் வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணித்தியாலம் கழித்துத் தம்பியின் தோளைத் தட்டினார்.

“மகன், நூல் எத்தனையாம் நம்பர் எண்டு கேக்காம வந்திட்டமே. அந்தப் புள்ளைக்கு ஒருக்கா போன் எடுங்க.”